நீரின்மேல் மனை

கேரளத்துக்குச் சுற்றுலாச் சென்று திரும்பும் அன்பர்கள் இப்போதெல்லாம் ஒரு செய்தியை மறவாமல் சொல்கிறார்கள். ஆலப்புழையில் படகு வீட்டில் ஓர் இரவு தங்கினோம் என்பதே அது. கோவில்பட்டி வட்டாரத்தில் இளையரசனேந்தல் போன்ற கரிசற்காட்டு ஊர்களிலிருந்தும் வேன் பிடித்துக் குடும்பத்தோடு போய் வருகிறார்கள். ஏந்தல் என்றால் மழைநீரைத் தாங்கி நிற்கும் நீர்நிலை. ஊர்ப் பெயரிலேயே நீரை வைத்துக்கொண்டு ஆண்டில் பாதிக்குமேல் வானத்தைப் பார்த்திருக்கும் மக்களுக்கு, நாற்புறமும் நீர் சூழ ஒரு வீட்டில் உறங்கி எழுவது பேரின்பமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்த மகிழ்ச்சியைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால், இந்தப் படகு வீடு மலையாளக் கரையில் பன்னூறு ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம் என்று அங்குள்ளோர் சொல்ல, இவர்களும் அதையே வந்து சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். மற்றப் பாதி இன்னதென்று அறிவது வெறும் ஏட்டறிவுக்காக மட்டுமன்று. மனித உயிர்கள் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

மலையாளக் கரையின் நீர்வழிகளைக் கண்ணால் கண்டு அரபியில் விரிவாகச் சொல்லிச் சென்றவர்களுள் முதன்மையானவர் மொராக்கோ நாட்டுப் பயணியார் இப்னு பதூதா. தில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக் சீனப் பேரரசருக்கு அனுப்பிய தூதுக் குழுவோடு அவர் 14ஆம் நூற்றாண்டின் நாற்பதுகளில் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அப்போது அத்துறையில் 13 சீனக் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. பருவக்காற்றை எதிர்நோக்கி மூன்று மாதங்கள் அங்கே தங்க நேர்ந்தமையால், அக்கப்பல்களை அவர் நன்றாகப் பார்த்தறிய வாய்ப்புக் கிடைத்தது.

அவற்றுள் பெரியதற்கு ஜுன்க் என்றும், நடுத்தரமானதற்கு ஸவ் என்றும், சிறியதற்குக் ககம் என்றும் பெயர் சொல்கிறார். பெரிய கப்பலில் ஆயிரம் பேர் இருப்பர். அவர்களில் 600 பேர் மாலுமிகள், 400 பேர் போர்வீரர்கள். நான்கு தட்டுகள். அவற்றில் அறைகள், பெரிய மனைகள், வணிகர்களுக்கான கூடங்கள். மனைக்கு அவர் இடும் பெயர் மஸ்ரிய்யா. இது மக்ரிபு நாட்டு அரபி வழக்கு. வீட்டின் மாடியில் தனியாக ஒதுக்கிய அறைத் தொகுதியைக் குறிக்கும். அந்த மனைக்குள் பல அறைகளும் கழிப்பிடமும் உண்டு. வாயிலுக்குத் திறவுகோலும் உண்டு. குடும்பத்துப் பெண்களோடு அதனுள் இருந்துகொண்டு கதவைச் சாத்திக்கொண்டால், பக்கத்து மனையில் இருப்பவருக்குக்கூட இவர் கப்பலில் இருப்பது தெரியாதாம். ஏதேனும் ஒரு துறையில் இறங்கும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். மாலுமிகள் தம் பிள்ளைகளையும் கப்பலிலேயே குடிவைத்திருந்தனர். மரத்தொட்டிகளில் கீரையும் காய்கறியும் இஞ்சியும் பயிரிட்டனர். நடமாடும் வீடு என்றால் இதுவன்றோ வீடு! கடலில் வாழ்வதற்கென்றே அது கட்டப்பட்டது. அடுத்தடுத்து இரண்டு மரச்சுவர்கள் எழுப்பி, இடையே பருத்த உத்தரங்களை இட்டு, மூன்று முழ நீளமுள்ள ஆணிகளால் இறுக்கினர் என்று அதன் கட்டுமானத்தையும் அவர் விளக்குகிறார்.

இங்கே கழிப்பிடத்துக்கு அவர் ஆளும் சொல் ஸந்தாஸ் என்பது. நம் நாட்டில் மராத்தியரும் தக்காணத்து உருது பேசுவோரும் இன்றும் வழங்கும் சொல் அது. சிறிய சொல்தான், ஆனால் அவருடைய வாழ்க்கையின் போக்கையே அது திருப்பிவிட்டது. பெரிய கப்பலின் மனைகளைத் திரும்பும் பயணத்துக்காகச் சீன வணிகர்கள் முன்னரே பிடித்துக்கொண்டுவிட்டனர். இவருக்குக் கிடைத்ததோ கழிப்பிடம் இல்லாத அறை. உடன் பெண்கள் இருந்தமையால் அது தமக்கு ஒவ்வாது என்று கருதி, தம் பொருள்களையும் ஆள்களையும் சிறிய ககத்துக்கு மாற்றினார். சுல்தானின் வரிசைப் பொருள்களும் உடன்வந்த அதிகாரிகளும் பெரிய கப்பலிலேயே இருந்தனர். தாம் மட்டும் ஜுமுஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கிவிட்டார்.

அந்த நேரத்தில் கடல் கொந்தளித்தது. கோழிக்கோட்டுத் துறை திறந்த துறை. காற்றை மறைக்க எதுவுமில்லை. இரவில் பெரிய கப்பல் கரையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த அவருடைய தோழர்கள் மாண்டனர். அவர்களுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்கம் செய்தார். இந்நிலையைக் கண்ட ககத்து மாலுமிகள் பாயை விரித்துக்கொண்டு ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டனர். பயணியாரின் குடும்பமும் உடைமைகளும் அதனோடு போயின. கடற்கரையில் அவரிடம் எஞ்சியவை பத்துத் தீனாரும் ஒரு தரைவிரிப்புமே.

இடையில் ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. கப்பல் உடைந்த மறுநாள் காலையில் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி வெறுங்காலோடு கடற்கரைக்கு வந்து நின்றார். கரையொதுங்கும் பொருள்களை எவரும் சூறையாடாதபடி அவருடைய காவலர்கள் கூட்டத்தை அடித்து விலக்கினர். மலையாளக் கரையின் மற்ற ஊர்களில் உடைந்த கப்பலின் பொருள் அரசுக் கருவூலத்துக்குப் போய்விடும். கோழிக்கோட்டில் மட்டும் அது உரியவர்களுக்கே காக்கப்பட்டது. அவ்வூர் செழித்ததற்கு அதுவே காரணம் என்கிறார் இப்னு பதூதா. கரைக்கு வந்த கலத்துக்கு ஆள்வோர் பொறுப்பேற்ற காலம் அது.

ககம் கொல்லத்துத் துறையைத் தொட்டுத்தான் செல்லும் என்று சொன்னார்கள். அதைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் அவர் கொல்லத்துக்குப் புறப்பட்டார். தரைவழியானாலும் நீர்வழியானாலும் பத்து நாள் பயணம். அவர் நீர்வழியைத் தேர்ந்துகொண்டார். விரிப்பைச் சுமக்க ஒரு முஸ்லிமைக் கூலிக்கு அமர்த்தினார். அந்த ஆளோ கரையிறங்கிய இடங்களிலெல்லாம் குடித்துவிட்டு வந்து இவரோடு சண்டையிட்டு, இருந்த துன்பத்தை மேலும் பெருக்கினான். ஐந்தாம் நாள் யூதர்கள் வாழ்ந்த ஒரு குன்றூரைக் கடந்தார். கரையெங்கும் இலவங்கப்பட்டை மரமும் சாயமரமும். அவற்றை மக்கள் விறகாக எரித்தார்கள். நமக்கு வேண்டிய குறிப்பு இதற்கிடையேதான் இருக்கிறது: அந்த நீர்வழியில் பகலில் மட்டும் பயணம் செய்வார்கள், மாலையானால் கரையிறங்கி ஊர்களில் உறங்குவார்கள், விடிந்தபின் மீண்டும் படகேறுவார்கள்.

ஆக, பயணியார் நமக்கு இருவேறு உலகங்களைக் காட்டுகிறார். கடலிலே வீடு இருந்தது. ஆனால் அது கடலுக்கென்றே கட்டிய பெருங்கலம். காயலிலே படகு இருந்தது. ஆனால் அதில் வழிப்போக்கர் உறங்கவில்லை. இன்றைய படகு வீடோ காயற்படகின் உடம்பில் கப்பல் மனையின் வாழ்க்கையை ஏற்றி வைத்தது. இந்தக் கலப்பு புதியது.

இதை உணரக் காயற்படகின் பிறப்பைப் பார்க்க வேண்டும். மலையாளத்தில் கெட்டுவள்ளம் என்பது நம் மொழியில் கட்டுவள்ளம். கயிற்றால் கட்டிய வள்ளம். ஆஞ்சிலி மரப்பலகைகளை அருகருகே வைத்து, ஓரங்களில் துளையிட்டு, தென்னைநார்க் கயிற்றால் தைத்து இணைப்பர். ஓர் ஆணிகூட அறைவதில்லை. தையலின் இடுக்குகளில் நாரைத் திணித்து, முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து இறக்கிய கரிய எண்ணெயைப் பூசுவர். 60 அடி முதல் 100 அடி வரை நீளம். அடிப்புறம் தட்டை, ஆழமில்லாத நீரிலும் தரைதட்டாது. கழியை ஊன்றித் தள்ளியும், காற்று வாய்த்தால் பாய் விரித்தும் செலுத்துவர்.

தைத்த கலம் மலையாளத்துக்கு மட்டும் உரியதன்று. ஹிஜ்ரி 579இல், அதாவது 1183இல், செங்கடற்கரையின் ஐதாப் துறையிலிருந்து ஜித்தாவுக்குக் கடந்த இப்னு ஜுபைர், அங்குள்ள ஜில்பா என்னும் கலங்கள் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டு, மீனெண்ணெய் பூசப்பட்டிருந்ததை எழுதுகிறார். அவருக்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே அபூ ஸைத் அஸ்ஸீராஃபி, ஓமான் நாட்டார் தென்னை வளரும் தீவுகளுக்குச் சென்று, மரத்தை வெட்டிப் பலகையாக்கி, அதன் நாரைக் கயிறாக்கித் தைத்து, பாய்மரமும் அதிலிருந்தே செய்து, அதன் காயையே சரக்காக ஏற்றித் திரும்பினர் என்று சொல்லியிருக்கிறார். ஒரே மரத்தில் கப்பலும் சரக்கும்! ஆணியடித்த கலம் பாறையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த கலமோ வளைந்துகொடுக்கும் என்பது இப்னு பதூதா தரும் காரணம். அரபியில் கின்பார் என்று வழங்கிய அக்கயிற்றுக்கு மாலத்தீவும் மலையாளமும் பேர்போனவை.

கெட்டுவள்ளம் நெல்லுக்காக வாழ்ந்தது. கடல்மட்டத்துக்குக் கீழே வயல் வைத்து விளைவிக்கும் குட்டநாட்டின் நெல்லும், தேங்காயும், கொப்பரையும், மிளகும் அதில் ஏறிக் கொச்சிக்கும் ஆலப்புழைக்கும் சென்றன. 20, 30 டன் வரை அது சுமந்தது. கூரை மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்தது. சரக்கு நனையாமலிருக்கவும், வள்ளக்காரர் இரண்டு மூன்று பேர் சமைத்துண்டு முடங்கவும் அது போதும். ஆகவே, அது வீடாக இருந்தது உண்டு. ஆனால் யாருக்கு? கழியூன்றும் தொழிலாளிக்கு. பழைமை என்று சொல்வோர் மறந்துவிடும் மனிதர் அவர். நம் பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றி வந்த படகுகளிலும் இதே வாழ்க்கைதான் நடந்தது. பாரதிதாசன் அக்கால்வாயில் மாவலிபுரத்துக்குச் சென்ற செலவைப் பாடியபோது, படகைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்த மனிதரின் உழைப்பைக் கண்டு கலங்கியதை அன்பர்கள் அறிவார்கள்.

பயணியர் காயலில் இரவைக் கழிக்கத் தொடங்கியது பிற்காலத்தில். திருவிதாங்கூரில் வெள்ளைக்கார அதிகாரிகளும் பாதிரிமார்களும் அறை கட்டிய வள்ளங்களில் இரவோடிரவாகப் பயணம் செய்தனர். நம் நெல்லைச் சீமையாருக்கும் இதில் பங்குண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியே செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே 1904இல் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. ஆனால் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வண்டி ஓடியது 1918இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் வண்டியிலிருந்து இறங்கியவர் வள்ளமேறியும் அனந்தைக்குச் செல்லலாம். வர்க்கலைக் குன்றைக் குடைந்து அமைத்த சுரங்க நீர்வழிகளுக்குள்ளே விளக்கொளியில் அவை நகர்ந்தன.

பிறகு சாலைகள் வந்தன, பாலங்கள் வந்தன. நெல் லாரியில் ஏறிக்கொண்டது. 1970களிலும் 80களிலும் சரக்கிழந்த வள்ளங்கள் காயலோரத்தில் கிடந்து மக்கின. 1990களின் தொடக்கத்தில்தான் அவற்றுள் சிலவற்றை எடுத்து, படுக்கையறையும் குளியலறையும் அமைத்துச் சுற்றுலாப் பயணியரை ஏற்றினர். இன்று ஆலப்புழையிலும் குமரகத்திலும் அவை நூற்றுக்கணக்கில் மிதக்கின்றன. காஷ்மீரத்தின் படகு வீடும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் கோடை வாசத்துக்காக உருவெடுத்ததே; அதற்கு முன்னர் டூங்கா என்னும் படகில் குடியிருந்தவர்கள் ஹாஞ்சி மக்கள். ஆனால் அது தால் ஏரியின் கரையில் கட்டுண்டு நிற்பது. உப்புக்காற்றையும் ஓதத்தையும் அறியாதது. அதைக் காயலோடு ஒப்பிட்டுப் பேசுவதில் பயனில்லை.

வள்ளங்களுக்கு மறுவாழ்வு கிடைத்ததும், கயிற்றால் தைக்கும் தச்சருக்குக் கொஞ்சம் வேலை கிடைத்ததும் நல்லவையே. ஆனால் இரண்டு மாற்றங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒன்று, இப்னு பதூதாவைத் துரத்திய அதே ஸந்தாஸ். பகலில் ஓடி இரவில் கரையிறங்கிய காலத்தில் காயலுக்குக் கழிவு பெரிதாகச் சேரவில்லை. இன்று ஒவ்வொரு படகிலும் பல கழிப்பறைகள். அவற்றின் கழிவும் பொறியின் எண்ணெயும் வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. 2002இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட காயல் அது. உப்புநீர் வயலுக்குள் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பணை வேறு, அடைத்திருக்கும் மாதங்களில், ஓதம் உட்புகுந்து காயலைக் கழுவிச் செல்லாமல் தடுக்கிறது. கரையிலிருப்போர் அந்த நீரில்தான் பாத்திரம் துலக்குகிறார்கள்.

மற்றது, பாரத்தின் இடம். நெல்மூட்டை வள்ளத்தின் அடியில் கிடந்தது. 30 டன் பாரம் அடியில் அழுத்த, கலம் நீரில் நன்கு அமிழ்ந்து நிலையாக நின்றது. இப்போது அந்த அடிப்பாரம் இல்லை. அறைகள் மேலே எழும்பியுள்ளன. சிலவற்றில் மாடியும் உண்டு. குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் மேலே. காட்சி காண மனிதர்களும் மாடிக்கே ஏறுகிறார்கள். உயர்ந்த பக்கங்கள் காற்றைப் பாய்போல வாங்குகின்றன. அசைவில்லாத காயலில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. அலை புரளும் இடத்திலோ, எல்லோரும் ஒரே பக்கம் ஓடினாலோ, கலம் சாய்ந்தால் மீண்டு நிமிர அடியில் கனமில்லை.

காயலே ஆயினும் உயிர்ப்பலிக்குக் குறைவில்லை. மகாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரி 16 இரவில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கிச் சென்ற ரிடீமர் என்னும் படகு பல்லனையில் கவிழ்ந்து உயிரிழந்தார். அளவுக்குமேல் ஆளேற்றிய படகு அது. 2002 ஜூலை 27 அன்று முகம்மவிலிருந்து குமரகத்துக்குச் சென்ற படகு மூழ்கி 29 பேர் மாண்டனர். அரசு வேலைக்கான தேர்வெழுதப் போன இளைஞர்கள் பலர் அதில் இருந்தனர். இவை போக்குவரத்துப் படகுகள்.

2023 மே 7 அன்று நிகழ்ந்தது வேறு வகை. மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், பூரப்புழை கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே, இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகு ஒன்று மாலையிருட்டில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் 11 பேர். மீன்பிடி படகாக இருந்ததை மாற்றிக் கட்டிச் சுற்றுலாப் படகாக்கியிருந்தனர் என்பதும், தாங்கக்கூடிய அளவுக்குமேல் ஆள்களை ஏற்றியிருந்தனர் என்பதும் பின்னர் வெளிவந்தன. ஒன்றுக்காகப் பிறந்த கலம். மேலே தட்டெழுப்பி வேறொன்றாக்கியாயிற்று. ஓடிய இடமோ ஆறுமல்லாத கடலுமல்லாத முகத்துவாரம். மூன்றும் ஓரிடத்தில் கூடின. இப்னு பதூதா கப்பலை இழந்த கோழிக்கோட்டுக்கும் தானூருக்கும் தொலைவு அதிகமில்லை. இடையில் இருக்கும் சாலியமும் அவர் தங்கிய ஊரே.

முகத்துவாரம் ஏன் இத்தனை கொடியது என்பதை மீனவர் அறிவர். காயல் நீர் வெளியேறும் வேகமும், கடல் ஓதம் உட்புகும் வேகமும் அங்கே மோதுகின்றன. மணல்திட்டு நாளுக்கு நாள் இடம் மாறுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் சேர்ந்துகொள்கிறது. தட்டையடி வள்ளம் அங்கே சருகுதான். நெல் ஏற்றிய காலத்து வள்ளக்காரர் காயலின் உள்வழியையே பற்றிச் சென்றார். திறந்த கடலைப் பெருங்கலங்களுக்கு விட்டுவிட்டார்.

உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கு 1917இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டமே நெடுங்காலம் இருந்தது. அதை நீக்கி 2021இல் புதுச் சட்டம் வந்தது. நீர்ப்பரப்புகளை அங்கெழும் அலையின் உயரத்தைக் கொண்டு மண்டலங்களாகப் பிரித்து, எந்தக் கலம் எந்த மண்டலத்தில் ஓடலாம் என்று அது வகுக்கச் சொல்கிறது. அறிவுடைய ஏற்பாடுதான். கொல்லத்திலிருந்து கோட்டப்புறம் வரை 1993இல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்ட பாதை, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் கோழிக்கோடு வரை நீட்டி அறிவிக்கப்பட்டது. விரிப்பும் வேதனையுமாகப் பயணியார் பத்து நாள் சென்ற அதே இரு நகரங்களுக்கிடையே, இன்று சட்டப் புத்தகத்தில் ஒரு நீர்வழி இருக்கிறது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது என்பதற்கு இப்னு ஜுபைரிடம் சான்று உண்டு. ஐதாப் துறையின் ஜில்பாக்காரர்கள், ஹாஜிகளைக் கோழிக்கூண்டில் அடைப்பதுபோல ஒருவர்மேல் ஒருவராக ஏற்றுவார்களாம். ஒரே கடப்பில் கலத்தின் விலை முழுவதையும் கூலியாகப் பெற்றுவிட்டால், அதன்பின் கடல் அதை என்ன செய்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பலகைக்குத்தான் நாங்கள் பொறுப்பு, உயிருக்கு ஹாஜிகளே பொறுப்பு என்னும் கருத்தில் ஒரு பழமொழியே அவர்களிடையே வழங்கிற்று என்கிறார் அவர். எண்ணூற்று நாற்பது ஆண்டுகள் சென்றபின் தானூர்க் கரையில் நின்றவர்கள், பலகைக்கும் உயிருக்கும் யார் பொறுப்பு என்ற அதே கேள்வியைத்தான் விசாரணைக் குழுவின் முன் வைத்தார்கள்.

இப்னு பதூதா கொல்லம் சென்று சேர்ந்தும் ககம் வரவில்லை. நீண்ட நாள் கழித்தே செய்தி கிடைத்தது. அது சுமத்ரா போய்ச் சேர்ந்திருந்தது. பொருள்கள் பல கைகளில் சிதறின. அவர் ஏற்றி அனுப்பியிருந்த பெண்களை அந்நாட்டு மன்னன் கைப்பற்றிக்கொண்டான். அவருடைய கருவைச் சுமந்திருந்த பெண் இறந்துபோனாள்.